கொல்லைப்புறத்தைச் சீரமைக்க ஒப்பந்தக்காரரை அமர்த்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தோட்ட வேலைக்கு ஆள் தேடினால் எல்லாரும் முதலில் நீட்டுவது போட்டோதான். பச்சைப் புல்வெளி, வளைந்து போகும் நடைபாதை, மாலை வெயிலில் ஒரு பெஞ்ச். வேலை முடிந்த அன்றைக்கு எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் போன பிறகு பாதை ஒரு பக்கம் அமுங்குமா, மண் சரியாமல் தாங்கும் தடுப்புச் சுவர் சாயுமா, நட்ட மரம் பட்டுப்போகுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது மண்ணுக்கு அடியில் நடக்கும் வேலை. போட்டோவில் அது தெரியாது. அதனால் இங்கே செடி வகைகளைப் பற்றிக் குறைவாகவும், தண்ணீர், மண், காகிதம் ஆகிய மூன்றைப் பற்றி அதிகமாகவும் பேசப்போகிறேன்.

1. ஆளைத் தேடுவதற்கு முன் உங்கள் மண்ணைப் பாருங்கள்

நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மழை நின்று எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வீட்டுச் சுவரை நோக்கி வந்தால், தோட்டத்துக்கு முன்னால் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

மண் தண்ணீரை எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். சுமார் 30 சென்டிமீட்டர் ஆழம், அதே அளவு அகலத்தில் ஒரு குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி, ஒரு இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, குழிக்குள் ஒரு அளவுகோலை நட்டு, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற மண். 2.5-க்கும் குறைவு என்றால் வடிகால் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. 10-க்கு மேல் போனால் மண்ணில் நீர் நிற்காது. மட்கிய உரம் நிறையச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு எளிய சோதனை. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களிமண் தெளிய ஒரு நாளோ அதற்கும் மேலோ பிடிக்கும். மூன்று அடுக்குகளின் தடிமனைப் பார்த்தால் உங்கள் மண்ணின் சுபாவம் புரிந்துவிடும்.

புதிதாகக் கட்டிய வீடு என்றால் ஒரு கம்பியை எடுத்து அங்கங்கே குத்திப் பாருங்கள். கட்டுமானக் கழிவைக் கொல்லையிலேயே புதைத்து, மேலே ஒரு சாண் மண்ணைப் பரப்பிவிட்டுப் போவது எங்கும் நடப்பதுதான். கனரக வண்டிகள் ஓடி இறுகிப்போன மண்ணும் அப்படித்தான்: மேலே புல் முளைக்கும், வேர் கீழே இறங்காது.

வெயிலையும் குறித்துக்கொள்ளுங்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது? ஒரு நாளில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் படும் இடத்தைத்தான் ‘முழு வெயில்’ என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். அப்புறம், கொல்லைக்குப் போகும் வழியின் அகலத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். சின்னத் தோண்டும் இயந்திரம்கூட நுழைய முடியாத சந்து என்றால் எல்லா மண்ணையும் ஆள்தான் சுமக்க வேண்டும். அது கூலியை நேராக ஏற்றிவிடும்.

2. என்ன வேண்டும், எது முதலில் வேண்டும்

‘அழகாக இருக்க வேண்டும்’ என்று சொன்னால் ஒப்பந்தக்காரர் தனக்குப் பழகியதைச் செய்துவிட்டுப் போவார். அந்த இடத்தில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்: குழந்தைகள் ஓடி விளையாட வேண்டுமா, பத்துப் பேர் உட்கார்ந்து பேச வேண்டுமா, காய்கறி போட வேண்டுமா, வயதானவர்கள் தடுக்காமல் நடக்க வேண்டுமா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பராமரிக்க முடியும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலிச்செடியை, கத்தரிக்க நேரமில்லாத வீட்டில் வைப்பதில் அர்த்தமில்லை.

பணம் ஒரே தவணையில் இல்லையென்றால் வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கலாம், தவறில்லை. ஆனால் கீழிருந்து மேலே வர வேண்டும். மட்டம், வடிகால், குழாய்கள் முதல் கட்டம். சுவரும் பாதையும் இரண்டாவது. மண், செடி, புல் கடைசி. விளக்கும் சொட்டுநீரும் இப்போது வேண்டாம் என்றாலும், நடைபாதைக்கு அடியில் ஓரிரு காலிக் குழாய்களைக் குறுக்கே போட்டு, இரு முனைகளையும் மூடி, இடத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் பாதையை உடைக்காமல் வயரோ குழாயோ இழுத்துக்கொள்ளலாம். செலவு மிகச் சொற்பம்.

எல்லைக் கல், பூமிக்கு அடியில் போகும் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் இடத்தையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். மரம் வெட்டவும், சுவர் எழுப்பவும், மண்ணின் மட்டத்தை மாற்றவும் அனுமதி தேவையா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் நீங்களே கேட்டுவிடுவது நல்லது. ‘அதெல்லாம் தேவையில்லை சார், எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்பது அனுமதி ஆகாது.

3. உங்களுக்கு யார் தேவை

புல் வெட்டிச் செடி பராமரிப்பவர் ஒருவர். வரைபடம் போடுபவர் ஒருவர். மண்ணை வெட்டி, சுவர் கட்டி, கல் பதித்து, செடி நட்டுக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் வேறொருவர். மூன்றையும் ஒரே நிறுவனம் செய்வதும் உண்டு. இடம் சமதளமாக, சின்னதாக இருந்தால் நல்ல ஒப்பந்தக்காரர் ஒருவரே போதும். சரிவான இடம், உயரமான சுவர், குளம் என்று போனால் தனியாக ஒருவரிடம் வரைபடம் வாங்குவதுதான் என் யோசனை. கையில் வரைபடம் இருந்தால் மூன்று பேரிடமும் ஒரே வேலைக்கு விலை கேட்க முடியும். வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே கையில் இருந்தால் வேலை சுலபமாக நகரும். ஆனால் தவறு நடந்தால் சுட்டிக்காட்ட மூன்றாவது கண் இருக்காது.

பல ஊர்களில் சுமார் 1.2 மீட்டருக்கு மேற்பட்ட தடுப்புச் சுவருக்குப் பொறியாளரின் வரைபடம் கேட்பார்கள். கேட்காத ஊரிலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஈர மண்ணின் பாரம் சாதாரணமானதல்ல.

4. பழைய வேலையைப் போய்ப் பாருங்கள்

அக்கம்பக்கத்தில் கேளுங்கள், நர்சரியில் கேளுங்கள். நர்சரிக்காரருக்கு யார் நல்ல செடி வாங்குகிறார்கள், யார் பாக்கி வைக்கிறார்கள் என்பது இரண்டும் தெரியும். நாலைந்து பெயர் சேர்ந்ததும், ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் முடித்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போன மாதம் முடித்த வேலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அங்கே போனால் பூவைப் பார்க்காதீர்கள். பதித்த கற்களின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் விரிந்து, கற்கள் வெளியே நகர்ந்திருந்தால் விளிம்புக் கட்டு சரியில்லை. நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் நின்ற கறை இருந்தால் அடித்தளத்தைச் சரியாக இறுக்கவில்லை. தடுப்புச் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியிருந்தால் பின்னால் தண்ணீர் போக வழியில்லை. மரங்களின் அடியைப் பாருங்கள்: அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தில் விரிந்து வேராகப் பிரிவது தெரிய வேண்டும். நட்டுவைத்த கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தால் ஆழமாகப் புதைத்திருக்கிறார்கள். அந்த மரம் சில வருடம் தாக்குப்பிடித்து, அப்புறம் மெதுவாக நலிந்து போகக்கூடும்.

வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: கடைசிப் பணத்தை வாங்கிய பிறகு ஏதாவது கெட்டுப்போய்க் கூப்பிட்டீர்களா, வந்தாரா?

உரிமம், பதிவு, காப்பீடு ஆகியவற்றின் நகலையும் வாங்கிப் பாருங்கள். காப்பீட்டில் இரண்டு வகை முக்கியம்: உங்கள் சொத்துக்கோ பக்கத்து வீட்டுக்கோ சேதம் வந்தால் ஈடுகட்டுவது ஒன்று, தொழிலாளிக்கு அடிபட்டால் ஈடுகட்டுவது இன்னொன்று. தாளில் இருக்கும் தேதி முடிந்திருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கே போன் செய்து கேட்பதில் தவறில்லை.

5. இடம் பார்க்க வரும்போது அவர் என்ன கேட்கிறார்

இந்தச் சந்திப்பில் நீங்கள் கேட்பதைவிட அவர் கேட்பதுதான் அதிகம் சொல்லும். வந்தவுடன் ‘மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?’ என்று கேட்பவர், மட்டம் பார்க்கும் கருவியை எடுப்பவர், காலால் மண்ணைக் கிளறிப் பார்ப்பவர், பக்கத்து வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பவர் என்றால் தொழில் தெரிந்தவர். ஐந்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு வாயாலேயே ஒரு தொகை சொல்பவரையும், ‘இன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்’ என்பவரையும் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு. கொல்லையின் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? ‘வடிந்துவிடும்’ என்பது பதில் இல்லை. எந்தக் குழாய், எந்த வாய்க்கால், எந்த உறிஞ்சு குழி என்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்குள் திருப்பிவிடுவதும் பதில் இல்லை. நடைபாதைக் கற்களுக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் ஜல்லி? ஆள் நடக்கும் பாதைக்கு இறுக்கிய பிறகு 10 முதல் 15, வண்டி ஏறும் இடத்துக்கு 20 முதல் 30 என்ற அளவில் பதில் வந்தால் சரி. மண்ணுக்கு ஏற்ப இது கூடலாம். தினமும் வேலையிடத்தில் நிற்கப்போகும் மேஸ்திரி யார்? இனிமையாகப் பேசி வேலையைப் பிடிப்பவரை அதற்குப் பிறகு நீங்கள் பார்க்காமலே போகலாம். சுவர், மின்சாரம், குழாய் வேலைகளை வேறு ஆட்களுக்குக் கைமாற்றுவாரா? அவர்கள் தவறு செய்தால் யார் பொறுப்பு?

தோண்டிய மண் எங்கே போகும் என்றும் கேளுங்கள். இறுகிக் கிடந்த மண்ணை வெட்டி எடுத்தால் அது உப்பி, குழியின் கொள்ளளவைவிடக் கால் பங்குக்கு மேல்கூடக் கூடுதலாகக் குவியும். அதை அள்ளிப்போகும் செலவை யாரும் பேசாமல் விட்டால் கடைசியில் அது உங்கள் தலையில்தான் விழும்.

6. விலைப்பட்டியலை வாசிப்பது

மூன்று பேரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். ‘கொல்லைப்புற வேலை முழுவதும், இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் வந்தால் திருப்பி அனுப்பி, பிரித்துத் தரச் சொல்லுங்கள்: அகற்றுதல், மண் வேலை, வடிகால், சுவர், பாதை, மேல்மண், செடிகள், நீர்ப்பாசனம், விளக்கு, சுத்தம் செய்தல்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மிகக் குறைந்த விலையின் ரகசியம் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒருவர் 15 சென்டிமீட்டர் ஜல்லி எழுதியிருப்பார், இன்னொருவர் 5 எழுதியிருப்பார், மூன்றாமவர் ‘தேவையான அடித்தளம்’ என்று மட்டும் எழுதியிருப்பார். மூன்று பாதையும் முதல் நாள் ஒரே மாதிரி இருக்கும். மேல்மண் விஷயமும் இதேதான்: புல்லுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் நல்ல மண் வேண்டும். அதை 3 சென்டிமீட்டராகப் பரப்பினால் பெரிய தொகை மிச்சம், ஆனால் உங்களுக்கில்லை.

விலையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் செடியின் அளவில் குறையுங்கள், அடித்தளத்தில் கை வைக்காதீர்கள். சின்னத் தொட்டியில் வரும் இளஞ்செடி மண்ணில் சீக்கிரம் வேர்பிடிக்கும். பல வகைகளில் சில வருடத்திலேயே பெரிதாக வாங்கி நட்டதை எட்டிவிடும். பொறுமைதான் தேவை.

7. ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்து, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். அளவுகள், பொருளின் வகை, நிறம், தடிமன் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். செடிகளுக்குத் தாவரவியல் பெயர், தொட்டி அளவு அல்லது உயரம், எண்ணிக்கை வேண்டும். ஊர்ப்பெயர் மட்டும் எழுதினால் அதே பெயரில் வேறு செடி வந்து நிற்கும். ‘கிடைக்காவிட்டால் மாற்றாக ஒன்று’ என்ற வாசகம் இருந்தால், ‘உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்துடன்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதைத் தேதியோடு கட்டாதீர்கள், முடிந்த வேலையோடு கட்டுங்கள். முன்பணமாக 10 முதல் 20 சதவீதம் நியாயம். பாதித் தொகையை முன்னாலேயே கேட்டால் ஏன் என்று கேளுங்கள். தனியாக வரவழைக்க வேண்டிய கல்லோ பெரிய மரமோ இருந்தால் காரணம் இருக்கலாம். அப்போதும் அந்தப் பொருளின் விலையை மட்டும் கொடுக்கலாம். மண்ணும் வடிகாலும் முடிந்ததும் ஒரு பங்கு, சுவரும் பாதையும் முடிந்ததும் ஒரு பங்கு, செடி நட்டதும் ஒரு பங்கு, கடைசியாக 10 சதவீதம் எல்லாக் குறைகளும் தீர்ந்த பிறகு. ஒவ்வொரு பங்கைக் கொடுக்கும்போதும், கல் கடைக்கும் நர்சரிக்கும் அவர் பணம் கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். அவர் கட்டாமல் விட்ட பாக்கிக்காகச் சில நாடுகளின் சட்டப்படி உங்கள் வீட்டின் மீதே உரிமை கோர முடியும்.

வேலையின் நடுவில் மாற்றம் வராமல் இருக்காது. ‘இந்தப் பாதையை அந்த மூலை வரை நீட்டிவிடலாமே’ என்று பேச்சுவாக்கில் சொல்வதுதான் பில் வீங்குவதற்கு முதல் காரணம். மாற்றம் என்ன, கூடுதல் தொகை எவ்வளவு, எத்தனை நாள் கூடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது எழுதி, இருவரும் சரி என்று சொன்ன பிறகே கை வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

உத்தரவாதத்தைச் செடிக்குத் தனியாக, கட்டுமானத்துக்குத் தனியாக எழுத வேண்டும். செடிக்கு ஒரு வருடம் கொடுப்பவர்கள் உண்டு. நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்றால் செல்லாது என்ற நிபந்தனையும் கூடவே வரும், அது நியாயமும்கூட. பட்டுப்போனால் செடி மட்டும் இலவசமா, நட்டுக்கொடுக்கும் கூலியும் சேர்த்தா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

8. வேலை நடக்கும்போது

தலைக்கு மேல் நின்று நச்சரிக்க வேண்டாம். ஆனால் எதையாவது மண் போட்டு மூடுவதற்கு முன் நீங்கள் பார்த்தாக வேண்டும். தோண்டிய பள்ளம், குழாய், ஜல்லி அடுக்கு, சுவரின் பின்புறம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் டேப்பை விரித்து வைத்துப் போட்டோ எடுங்கள். பின்னால் குழாயைத் தேடித் தோண்டும் நாளிலும் அந்தப் படங்கள் உதவும்.

மட்டம்: வீட்டை ஒட்டிய மண் வெளிப்பக்கமாக முதல் 3 மீட்டரில் சுமார் 15 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும். கல் பதித்த தளத்துக்கு மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வாட்டம் போதும். தரையின் ஈரம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரின் அடிப்பகுதியில் போடும் ஈரத்தடுப்பு அடுக்குக்குச் சுமார் 15 சென்டிமீட்டர் கீழேயே மண்ணும் தளமும் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் சுவரில் ஓதம் ஏறும்.

ஜல்லியை ஒரே தடவையில் கொட்டி மேலாக இறுக்கினால் அடியில் தளர்வாகவே இருக்கும். 10 சென்டிமீட்டர் அளவில் ஒவ்வொரு அடுக்காகப் போட்டு, லேசாக நனைத்து, அதிர்வு இயந்திரத்தால் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். அதன்மேல் 2.5 முதல் 4 சென்டிமீட்டர் மணல், அதன்மேல் கல். மட்டக்குறைவை மணலை ஏற்றிச் சரிக்கட்டுவது மேஸ்திரிகளின் குறுக்குவழி. மணல் தடித்த இடத்தில்தான் கல் முதலில் அமுங்கும்.

தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஜல்லியும், அடியில் துளையிட்ட குழாயும், மண் ஜல்லிக்குள் இறங்காமல் தடுக்கும் துணியும் இருக்கிறதா என்று பாருங்கள். தோண்டிய களிமண்ணையே பின்னால் திணித்தால் முதல் பெருமழையில் சுவர் பேச ஆரம்பிக்கும்.

ஏற்கெனவே இருக்கும் பெரிய மரத்தைக் காப்பாற்ற நினைத்தால், அதன் கிளை விரிவுக்குக் கீழே வண்டி நிறுத்தவோ, ஜல்லி கொட்டவோ, சிமென்ட் கலக்கவோ விடக் கூடாது. மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மேல் அரை மீட்டர் மண்ணில்தான் பரவியிருக்கும். வேலை தொடங்கும் முன்பே சுற்றி ஒரு வேலி கட்டச் சொல்லுங்கள்.

புது மரத்துக்கான குழி, வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த வேர்ப்பந்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலமாகவும், அதன் உயரத்துக்கு மேல் ஆழமில்லாமலும் இருக்கட்டும். மண்ணின் மேல் பரப்பும் சருகு, மரப்பட்டை போன்ற மூடாக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர், அடிமரத்தைத் தொடாமல். மரத்தைச் சுற்றிக் கூம்பாகக் குவித்து வைப்பது பார்க்க நேர்த்தி, பட்டைக்கு அழுகல்.

9. கடைசித் தவணைக்கு முன்

ஹோஸைத் திறந்து தளத்தின் மேல் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். எங்கே தேங்குகிறது என்பதைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். நீர்ப்பாசனத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக ஓடவிட்டு, சொட்டு முனைகளில் தண்ணீர் வருகிறதா, வடிகட்டி எங்கே இருக்கிறது, எப்படிக் கழற்றிக் கழுவுவது என்று உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். செடிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். கதவு திறக்கிறதா, பக்கத்து மதிலில் இடிபட்ட தடம் இருக்கிறதா, கழிவை அள்ளிவிட்டார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

குறைகளை ஒரே பட்டியலாக, தேதியோடு எழுதிக் கொடுங்கள். தினம் ஒன்றாகச் சொன்னால் அவருக்கும் அலுப்பு, உங்களுக்கும் தீராது. குழாய்களும் வயர்களும் உண்மையில் எப்படிப் போடப்பட்டன என்பதைக் காட்டும் வரைபடம், உத்தரவாதச் சீட்டுகள், கருவிகளின் கையேடுகள் ஆகியவை கைக்கு வந்த பிறகு கடைசி 10 சதவீதம் போகட்டும்.

10. முதல் வருடம்

நட்ட செடிக்கு முதல் வருடம் தண்ணீர் உங்கள் பொறுப்பு. தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு வேர்வரை இறங்கும்படி ஊற்றுவது மேல். ஊற்றலாமா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். குழாய் புதைத்த பள்ளங்களின் மேல் மண் கொஞ்சம் இறங்கும். அது இயல்பு, மண் போட்டு நிரவிவிடலாம். கல் பதித்த இடம் இறங்கினால் அது உத்தரவாதத்தில் சேரும்.

பதினோராவது மாதத்துக்கு இப்போதே போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். அன்றைக்குப் பழைய போட்டோக்களையும் செடிப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்து, பட்டுப்போனது, அமுங்கியது, விரிசல் விட்டது எல்லாவற்றையும் எழுதி, வருடம் முடிவதற்குள் ஒப்பந்தக்காரருக்கு அனுப்புங்கள்.